தாடியில் வந்த வட்டம்

"அந்த பார்பரோட கத்தியாலதான் வந்துச்சு!" தாடிக்குள் வட்ட வட்டமாகப் புண் வந்திருந்த கிமுதாய், கப்சபெட் ஊர் டாக்டரம்மாவிடம் பொருமினார்.

"வீட்ல மாடு கன்னு உண்டா?"

"ஒரு காளைக்கன்னு. தண்டத் தீனி! நாளைக்கு வியாபாரி வந்து ஓட்டிட்டுப் போறான். நான் அது பக்கமே போறதில்ல."

"அது மூஞ்சிலயும் இதே வட்டம் இருக்கு, டாக்டரம்மா" என்றாள் மனைவி ஜெலகாட்.

"அப்ப கன்னுகிட்டேருந்து ஒட்டின படர்தாமரைதான். உங்களுக்கு நாலு வாரம் மாத்திரை, கன்னுக்கும் மருந்து போடணும். ஆனா, பக்கமே போகாதவருக்கு இது ஒட்டாதே! கன்னத்தோட கன்னம் வச்சுக் கொஞ்சுவீங்களோ?"

கிமுதாய் கூரையைப் பார்த்தார்.

ஜெலகாட் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை எடுத்தாள்.

"வியாபாரியண்ணே, நாளைக்கு வராதீங்க. கன்னுக்குட்டியை ஓட்டிட்டுப் போனா, பின்னாடியே இவரும் வந்துடுவாரு!"