நாலு மணி நிழல்

பாளையங்கோட்டையில் இப்போதெல்லாம் பகல் வெயிலில் யாரும் நடப்பதில்லை. எந்தத் தெருவில் எந்நேரம் நிழல் விழும் என்று அற்புதம் வரைந்து விற்கும் வரைபடத்தைப் பார்த்துத்தான் ஊரே வெளியில் இறங்குகிறது. இந்தப் பதினோரு வருஷத்தில், இல்லாத நிழலை அவள் ஒருமுறைகூடப் படத்தில் போட்டதில்லை.

அவள் கணவர் ஞானராஜ் சர்ச்சில் பாடுகிறவர். போன கோடையில் வெயிலில் சுருண்டு விழுந்தபின், ஒரு நிமிஷ வெயிலும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்ச்சுக்குப் போகும் வழியில் நூலகச் சுவர் தாண்டி இருபதடி வெட்டவெளி. அதற்காகவே வருஷம் முழுக்கப் பாடாமல் வீட்டில் கிடந்தார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அற்புதம் புது வரைபடத்தை நீட்டினாள்.

"நாலு மணிக்குக் கெளம்புங்க. வழி பூரா நெழலு."

"அந்த இருபதடி?"

"அங்கயும் போட்டுருக்கேன்லா!"

சொல்லிவிட்டு வெளியே போனாள். அவர் அவளை நம்பி நடந்தார். நூலகச் சுவர் முடிகிற இடத்தில், தள்ளுவண்டிக் கடைக்காரர்களின் பெரிய குடையை இரு கையாலும் பிடித்தபடி அற்புதம் நின்றாள்.

"ஏளா, இங்க என்ன செய்யுதே?"

"படத்துல உள்ளது நெலத்துலயும் இருக்கணும்லா? வாங்க."

அடுத்த பதிப்பிலும் அந்த நிழலை அவள் அழிக்கவில்லை. மறு ஞாயிறு, வரைபடத்தை நம்பி வந்த ஏழு பேரையும் ஒவ்வொருவராக அக்கரை சேர்த்தாள்.