சிவப்புக் கோட்டின் ராசி

“எல்லாரும் சாவியை எடுங்க. உதைக்க வர்றான்.”

பின்வரிசையிலிருந்து லைல் குரல் கொடுத்ததுதான் தாமதம், அரங்கம் முழுக்கச் சாவிக்கொத்துகள் குலுங்கின. எதிரணிப் பையன் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்க வரும்போது சாவியைக் குலுக்கி அவனைக் கலங்கடிப்பது இந்த அமெரிக்கக் கல்லூரியின் கால்பந்தில் பரம்பரை வழக்கம்.

ரோண்டா திடுக்கிட்டு நிமிர்ந்ததில், சூடான சாக்லேட் கையுறையில் சிந்தியது.

“ஏன் இப்படிப் பதறுறீங்க?” என்றார் லைல். ஆட்டத்தன்று மட்டும் பார்த்துப் பேசுகிற பழக்கம். “இந்த வருஷம் நம்ம பசங்க ஒரு ஆட்டமாவது தோத்திருக்காங்களா? இந்தக் கடைசி உதையை இவன் சொதப்பினான்னா கோப்பை நமக்கு.”

“உள்ளே அடிச்சிட்டான்னா?”

“மூணு புள்ளி. நாம ரெண்டுதான் முன்னால இருக்கோம். வருஷம் பூரா பட்ட பாடு அம்போதான்.”

ரோண்டா கணவன் கர்ட்டைப் பார்த்தாள். அவர் மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலையிலிருந்து அவர் பேசியதே ஒரு பேச்சுதான்: “சிவப்புக் கோட்டு போட்டுக்க மறந்துடாதே.”

முதல் ஆட்டத்தன்று மழை. இருவரும் அணியின் நிறத்தில் ஆளுக்கொரு சிவப்புக் கோட்டோடு வந்தார்கள், அணி ஜெயித்தது. அன்றிலிருந்து அதே கோட்டு, அதே பெஞ்சு. செப்டம்பர் வெயிலில் அவளையாவது கழற்றி மடியில் வைத்துக்கொள்ள விட்டார். தான் மட்டும் வேர்க்க விறுவிறுக்கக் கழுத்துவரை ஜிப்பை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழற்றினால் ராசி போய்விடுமாம். இதே மைதானத்தில் ஒரு காலத்தில் ஓடி ஆடியவர், அவருக்கு இந்த அணி என்றால் உயிர்.

விசில் ஒலித்தது. உள்ளூர் அணியின் கோச் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார்.

“பலே. நிக்க வெச்சு யோசிக்க விடணும். யோசிச்சா கால் தானா உதறும்” என்று சிரித்தார் லைல்.

“பாவம், இந்தக் குளிர்ல நிக்கிறானே.”

“எதிரிக்குப் பாவம் பார்த்த முதல் ஆள் நீங்கதான், ரோண்டா. கர்ட், உங்க கொத்து எங்கே?”

கல்லூரிக் கட்டடங்களின் சாவியெல்லாம் கர்ட்டிடம்தான். அதை அவர் குலுக்கினால் தேவாலய மணி தோற்றுவிடும்.

“கை விறைச்சுப் போச்சு” என்றார் கர்ட். கோட்டுப் பைக்குள் அவர் கை சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்திருந்தது.

மறுபடி விசில். ரோண்டா கண்ணை மூடிக்கொண்டாள். ஊரே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஆண்டவரிடம் என்ன கேட்பதென்றே தெரியவில்லை.

உதைத்த சத்தம் கேட்டது. பிறகு பந்து கம்பத்தில் மோதி விலகும் சத்தம். அப்புறம் எதுவுமே காதில் விழாத அளவுக்கு ஆரவாரம்.

“ஒரு தோல்விகூட இல்லாம சாம்பியன்” என்று கத்தியபடி லைல் எல்லோரையும் கட்டிப்பிடித்தார். கூட்டம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது.

நீலச் சீருடைப் பையன் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றாமல், உதைத்த இடத்திலேயே மண்டியிட்டிருந்தான்.

ரோண்டா எழுந்தாள். “நான் கீழே போறேன்.”

“கூட்டம் நசுக்கிடும், உக்காரு” என்றார் கர்ட்.

“நசுக்கட்டும். நீலத்தைப் போட்டுக்கிட்டு வீட்டுப் படி ஏறாதேன்னு நீ விரட்டிவிட்டது உன்னோட இருக்கட்டும். என் பிள்ளை அங்கே தனியாக் கிடக்கான்.”

கோட்டின் ஜிப்பை இறக்கினாள். உள்ளே, கடை மடிப்பு இன்னும் கலையாத நீலச் சட்டை, மகனின் ஏழாம் எண்ணோடு. இன்றைக்கென்று ஒளித்து வாங்கியது. வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

கர்ட் திட்டவில்லை. எழுந்து, செப்டம்பர் வெயிலிலும் கழற்றாத தன் கோட்டை முதன்முறையாகக் கழற்றினார். உள்ளே அதே நீலம், அதே ஏழு, ஒரு பருவம் முழுக்க வேர்வையில் ஊறி வெளுத்துப்போயிருந்தது.