சாயங்காலம் வரைக்கும் போர் நிறுத்தம்

“எட்டாயிரம் பேரு சோறு தண்ணி இல்லாமக் கெடக்கான். அவனுகள விட்டுட்டு நான் எப்படிம்மா வாறது?” கண் கலங்காத குறையாகக் கேட்டான் விக்னேஷ்குமார்.

இது வேறு யார் காதிலாவது விழுந்திருந்தால், ஏதோ வெள்ள நிவாரண அதிகாரி என்று கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். சுந்தரம்மாள் பெற்ற தாய், கும்பிடவில்லை. “அந்தப் போனத் தூக்கிக் கெணத்துல போடு. கார் வந்து நிக்கிது” என்றாள்.

பட்டினி கிடந்தவர்கள் ரோமாபுரிப் படைவீரர்கள். கைப்பேசியில் ஆடும் போர் விளையாட்டில் விக்னேஷ்குமாரின் பெயர் ‘ரோமாபுரி வேந்தன்’. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்வதெல்லாம் வேந்தருக்குப் பொழுதுபோக்கு.

எதிரி, கார்த்தேஜை ஆளும் ‘யானைக்காரன்’. எந்த ஊர்க்காரனோ, தமிழில்தான் செய்தி அனுப்புவான். அது வந்ததும் விக்னேஷ்குமாரின் போனில் போர்க்கொம்பு ஊதும். பெயர்தான் யானை, ஆட்டமெல்லாம் தானியத்தை வைத்துத்தான். சிசிலித் தீவில் இறங்கிய ரோமாபுரிப் படை மீது அவன் ஓர் அம்புகூட விடவில்லை. கோதுமை வரும் கப்பல்களை மட்டும் மறித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

ஆனால் ஆள் சரியான கிறுக்கு. சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில், “கரண்டு வந்துருச்சு, போறேன் வேந்தரே” என்று எழுதிவிட்டு ஓடிவிடுவான். கரண்டு போனதால் ஆட்டத்தை விட்டவர்களை விக்னேஷ்குமார் பார்த்திருக்கிறான். வந்ததால் விட்டவன் உலகத்திலேயே இவன் ஒருவன்தான் என்று நினைத்து நினைத்துச் சிரிப்பான்.

கார் கிளம்பியதும் வேந்தன் ராஜதந்திரத்தில் இறங்கினான். “சாயங்காலம் வரைக்கும் போர் நிறுத்தம். சம்மதமா?”

கொம்பு ஊதியது. “சரி. எனக்கும் சோலி கெடக்கு. வாக்கு மாறக் கூடாது.”

“ரோமாபுரி வாக்கு மாறாது” என்று பதில் போட்ட கையோடு, தன் கப்பல்களைக் கார்த்தேஜ் துறைமுகத்துப் பக்கம் திருப்பிவிட்டான். அவ்வளவு நல்லவன்.

“இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா இனிமே நான் எங்கயும் பொண்ணு கேட்டு வரமாட்டேன் அப்பு” என்றாள் சுந்தரம்மாள். அவள் குரல் உடைந்துவிட்டது. இதற்கு முன் போன வீடுகளில் இவன் பெண்ணைப் பார்த்ததைவிடப் போனைப் பார்த்ததுதான் அதிகம். அதனால் இந்த முறை துணைக்கு வர உறவில் ஒருவரும் இல்லை.

அகரம் கிராமத்தில் பெண்ணின் அப்பா நல்லுசாமி வாசலுக்கே வந்து வரவேற்றார். தென்னையும் வெண்டைக்காயும் போடும் விவசாயி. தோளில் துண்டு, மூக்கில் கண்ணாடி, சட்டைப்பையில் போன். “வாங்க, வாங்க! மாப்ளைக்கு மொதல்ல எளநி வெட்டுங்கப்பா” என்று தடபுடல் பண்ணினார்.

சுகன்யா வந்தாள். வடமதுரையில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள்; சுற்றி வளைக்காமல் கேட்டாள். “எந்நேரமும் போனும் கையுமா இருப்பீங்கன்னு சொல்றாங்களே?”

“அதெல்லாம் ஆபீஸ் வேலை வந்தா மட்டுந்தான்.”

“நம்பலாமா?” என்று கேட்டுச் சிரித்தாள்.

விக்னேஷ்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பெண் இல்லாவிட்டால் இனி வாழ்க்கையே இல்லை என்று தோன்றியது. “நம்பலாம்” என்றான், அந்த நிமிடத்தில் உண்மையாகவே.

நல்லுசாமிக்கும் வாயெல்லாம் பல். “எங்களுக்குப் பிடிச்சுருக்கும்மா. இன்னைக்கே தட்ட மாத்திக்கிருவமா?” வெற்றிலை, தேங்காய், பூவோடு தாம்பாளம் வந்தது. சுந்தரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“செத்த நேரம் மாமா. மொகம் கழுவிட்டு வாரேன்.”

கொல்லைப்புறம் போனவன் தண்ணீர்ப் பக்கமே திரும்பவில்லை. பெண் கிடைத்தாயிற்று, பாக்கி கார்த்தேஜ் ஒன்றுதான். வாக்கை நம்பிய யானைக்காரன் துறைமுகத்தில் ஒரு காவலாளியைக்கூட நிறுத்தவில்லை. ரோமாபுரிக் கப்பல்கள் கரை தட்டின, தானியக் கிடங்குகள் பற்றி எரிந்தன. தென்னை மரத்தடியில் நின்று வேந்தர் ஒரு குதி குதித்தார்.

காய்ந்த முகத்தோடு அவன் திரும்பி வந்தபோது, நல்லுசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை ஒரே விரலால் குத்திக்கொண்டிருந்தார். வெண்டைக்காய் விலை விழுந்துவிட்டதோ என்னவோ, மனிதர் முகம் செத்துக் கிடந்தது. விக்னேஷ்குமாரின் பையில் கொம்பு ஊதியது.

“ஆபீஸ் மெசேஜ் மாமா” என்று அவசரமாகப் பையைப் பொத்தினான்.

அவர் அந்தப் பையையே பார்த்தார். பிறகு மறுபடியும் தன் போனைக் குத்தினார். மறுபடியும் கொம்பு ஊதியது.

“மாப்ள, வாக்குக் குடுத்தா மாற மாட்டீகள்ல?”

“உசுரே போனாலும் மாற மாட்டேன் மாமா.”

நல்லுசாமி எழுந்தார். தாம்பாளத்தை எடுத்து மகள் கையில் கொடுத்து, உள்ளே கொண்டுபோகச் சொன்னார். வாசலுக்கு அப்பால், தோட்டத்து மோட்டார் கொட்டகையில் விளக்கு எரிந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விக்னேஷ்குமாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“கரண்டு வந்துருச்சு, போறேன் வேந்தரே.”