பதினேழு மூட்டை

"அந்த மஞ்சா டப்பா அங்கியே கெடக்கட்டும்மா. போட்டோல எடுப்பா தெரியும்" என்றாள் பத்மினி.

நந்திதா ஏரிக்கரையில் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். பாட்டில், பால் கவர், பிய்ந்த செருப்பு என்று கரை முழுக்கக் குப்பை. பங்காருபாளையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி அதைப் பார்த்தபோதே அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

காரணம் இருந்தது. சித்தூரில் பி.டெக். கடைசி வருடம் அவள். ஏதாவது ஒரு கிராமத்துப் பிரச்சினையை ஊர் ஜனங்களோடு சேர்ந்து தீர்த்து, முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் எடுத்துக் கொடுத்தால்தான் பாஸ். ஏற்கெனவே இரண்டு ஊர்களில் யாரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதான் கடைசி சான்ஸ். ஜனங்க கை குடுக்கலன்னா ஜீரோ" என்று புராஜெக்டைப் பார்க்கும் தாமோதரன் சார் சொல்லிவிட்டார். ஸ்ரீசிட்டி கம்பெனி ஒன்றில் கிடைத்திருக்கும் வேலையும் அதோடு போய்விடும்.

"எல்லாரும் வருவாங்களாக்கா?"

"வராம எங்க போவாங்க? நீ வேப்பமரத்தாண்ட நின்னு பேசு. அங்க வெயில் கண்ணுல அடிக்காது" என்றாள் பத்மினி. அந்த ஊர் டுவாக்ரா மகளிர் குழுவின் தலைவி அவள்.

இருபது பெண்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். மூன்று நாளாகக் கண்ணாடி முன் ஒப்பித்த பேச்சை நந்திதா ஆரம்பித்தாள். பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"பிளாஸ்டிக் மக்கறதுக்கு... மக்கறதுக்கு..."

"நானூறு வருசம்" என்று பின்வரிசையிலிருந்து ஸ்வர்ணலதா என்பவள் எடுத்துக் கொடுத்தாள்.

இவர்களுக்கு இவ்வளவு விவரம் தெரிகிறதே என்று நந்திதா பூரித்துப் போனாள்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சாக்கு அவர்களே கொண்டு வந்திருந்தார்கள். பாட்டிலுக்கு ஒரு கூட்டம், கவருக்கு ஒரு கூட்டம் என்று யாரும் சொல்லாமலே பிரிந்துகொண்டார்கள்.

"எத்தனை மூட்டைக்கா வரும்?"

"பதினேழு" என்றாள் பத்மினி, தலையைத் தூக்காமலே.

மதியத்துக்குள் கரை பளிச்சென்று ஆகிவிட்டது. நந்திதா மூட்டைகளை எண்ணினாள். சரியாகப் பதினேழு. அனுபவம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது படத்தையும் எடுத்து சாருக்கு அனுப்பினாள். 'வெரி குட். பாஸ்' என்று பதில் வந்ததும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பத்மினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"இன்னா பாப்பா இதுக்குப் போயி. ஒரு வாய் துன்னுட்டுக் கெளம்பு" என்றாள் பத்மினி.

சாப்பிட்டுவிட்டு ஆட்டோவுக்கு நின்றவளுக்குத் தண்ணீர் பாட்டிலை மரத்தடியில் விட்டது நினைவு வந்தது. திரும்பி ஓடினாள்.

அங்கே பெண்கள் மூட்டைகளை மகளிர் குழுக் கொட்டகைக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாக்கா இது? பஞ்சாயத்து வண்டி வந்து எடுத்துக்கினு போவும்னீங்க?"

பத்மினி முழித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க ஏரி கிளீனாயி மூணு வருசம் ஆவுது பாப்பா. போன வருசம் ஒரு காலேஜ் புள்ள வந்து, குப்பையே இல்லியே, நான் பெயிலாயிடுவனேன்னு இதே கரையில உக்காந்து அழுதான். மனசு கேக்கல. அதான் பங்காருபாளையம் சந்தைக்குப் போயி பொறுக்கிக்கினு வந்து வெச்சிருக்கோம்" என்றவள், அந்த மஞ்சள் டப்பாவை முந்தானையால் துடைத்து மூட்டையின் மேல் பத்திரமாக வைத்தாள். "வெள்ளிக்கிழம திருப்பதி காலேஜ் வருது."