கை வைக்கக் கூடாத பெட்டி

“நான் இருக்கிற வரைக்கும் அந்தப் பெட்டியில யாரும் கை வைக்கக் கூடாது!”

மருத்துவமனை டைரக்டர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிரே நின்றவள் அசையவில்லை. அங்கே கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் அவள் பொறுப்பு. எல்லாருக்கும் அவள் ‘வயர் அக்கா’.

“சார், அந்தப் பெட்டி, அதான் எல்லா வயரும் வந்து சேர்ற ஹப், பதினஞ்சு வருஷப் பழசு. ஒருத்தருக்கு அனுப்புறதை இருபது கம்ப்யூட்டருக்கும் ஒப்பிக்கும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல அனுப்பினா மோதிக்கிட்டு மறுபடியும் முதல்லேருந்து. ஒரு எக்ஸ்ரே ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்ச் சேர பத்து நிமிஷம். கத்தியும் கையுமா டாக்டர் நின்னுக்கிட்டே இருக்கணுமா?”

“புதுசு மட்டும் என்னத்தக் கிழிக்கும்?”

“ஸ்விட்ச் சார் அது. யாருக்கு அனுப்புறோமோ அவங்ககிட்ட மட்டும் கொடுக்கும். எக்ஸ்ரே, மருந்தகம், வரவேற்பு மூணுக்கும் உள்ளுக்குள்ளேயே தனித்தனி நெட்வொர்க் பிரிச்சுடலாம். சுவரை இடிக்க வேண்டாம், புது வயர் இழுக்க வேண்டாம். ஒரே வீட்டுல மூணு குடித்தனம், அவ்வளவுதான்.”

ஐந்து மணிக்குள் வாங்கும் படிவத்தில் டைரக்டரின் கையெழுத்து விழாவிட்டால், சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்த ஸ்விட்சைக் கடைக்காரர் வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்போதே மணி நாலே முக்கால்.

“போன தடவை ஒரு மணி நேர வேலைன்னு சொல்லிட்டு ரெண்டு நாள் எல்லாத்தையும் படுக்க வச்சீங்க. ஊரெல்லாம் திட்டு வாங்கினது நான்! பழசுக்கு என்ன குறைச்சல்? இங்க பாரும்மா.”

மவுஸைத் தட்டினார். யாரோ ஒருவருடைய முதுகெலும்பு சட்டென்று திரையில் வந்து நின்றது. அவருக்கே ஆச்சரியம். விடாமல் எலும்பு டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“டாக்டர், எக்ஸ்ரே எல்லாம் எப்படி வருது?”

“பிரமாதம் சார்! கேட்ட நிமிஷம் வந்து நிக்குது.”

டைரக்டர் மீசையைத் தடவிக்கொண்டார். “காதுல விழுந்துச்சா? இதைப் போய்க் கழட்டணுமாம்! இந்தப் பெட்டிக்கு ஈடு இணை கிடையாதுன்னு நான் எழுதியே தரேன்.”

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேனாவைத் திறந்து, படிவத்தோடு அவர் முன்னால் வைத்தாள்.

“எழுதிக் கொடுங்க சார். நாலு நாளா எல்லாரும் சாப்பிடப் போற நேரமா பாத்து, ஒவ்வொரு வயரா புது ஸ்விட்சுக்கு மாத்திட்டேன். பழசைக் கழட்டி ஸ்டோர் ரூம்ல போட்டுட்டுத்தான் உங்களைப் பார்க்கவே வந்தேன்.”