ஃபெர்மின் இல்லாத படம்

"இந்த சந்தியாகோவுல பாடகன்னு பொறந்தது நான் ஒருத்தன்தான். மத்தவங்களுக்கெல்லாம் தொண்டை மட்டும்தான் இருக்கு."

எலீஹியோ இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயதில் அவருக்கு அந்தப் பழக்கமே இல்லை.

பாட்டு மண்டபத்துச் சுவரில் பழைய பாடகர்களின் படங்கள் நெருக்கியடித்துத் தொங்கின. ஒரே ஓர் இடம்தான் காலி. எலீஹியோவும் ஃபெர்மினும் சேர்ந்து நிற்கும் படத்துக்காக அங்கே ஆணி அடித்து வைத்திருந்தாள் நிர்வாகி நெரெய்தா. ஐம்பது வருடம் ஜோடியாகப் பாடியவர்கள். ஃபெர்மின் போன மாதம்தான் இறந்துபோனார்.

"படத்துல அவனை வெட்டிட்டு மாட்டு" என்றார் எலீஹியோ.

ஃபெர்மினுடையது இரண்டாம் குரல். அதற்கு வேறு வரிகள், வேறு மெட்டு. முதல் குரலுக்கு அடியில் முணுமுணுத்துக்கொண்டே போக வேண்டும்.

"மாடிப்படிக்குக் கைப்பிடி மாதிரிம்மா அது. கைப்பிடிக்கு யாராவது படம் மாட்டுவாங்களா?"

நெரெய்தா குழம்பிப்போனாள். கடைசியில் ஒரு வழி சொன்னாள். சனிக்கிழமை மதியம் அவர் தனியாகப் பாடட்டும்; சபையும் சேர்ந்து பாடினால் படத்தில் அவர் மட்டும்.

சனிக்கிழமை அவர் எடுத்தது, இருவரும் பாடிப் பாடி ஊரே தூக்கத்தில்கூடப் பாடும் பாட்டு. எலீஹியோ கண்ணை மூடியபடி முதல் சரணத்தை முடித்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், சபை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது.

கிதாரில் சுருதி இறங்கிவிட்டதோ என்று முறுக்கினார். மறுபடியும் பாடினார். முன்வரிசைக்காரர் விசிறுவதை நிறுத்திவிட்டு, இது புதுப்பாட்டா என்று பக்கத்தில் விசாரித்தார். எலீஹியோவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வாசலில் வேர்க்கடலை விற்கும் கிழவி செனைதா எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு ராசா. ஆனா உங்க பாட்டை எப்போ பாடுவீங்க?"

"இதுதானேம்மா அது?"

"இதுவா?"

அவள் நம்பவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பாட்டு எப்படிப் போகும் என்று அவளே பாடிக் காட்டினாள். இரண்டாவது வரிக்குள் மண்டபம் முழுவதும் தொண்டை திறந்து சேர்ந்துகொண்டது.

ஒவ்வொரு சொல்லும் ஃபெர்மினுடையது.

எலீஹியோ நாற்காலியை ஓரடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு தன் வரிகளை அடியில் முணுமுணுத்துக்கொண்டே போனார்.