பட்டாணிக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

"தோற்றம்னு கீதே, அங்க இன்னா தேதி போடறது?" என்று கேட்டார் சௌக்கத் அலி.

யசோதராவுக்குத் தெரியவில்லை. நாய் பிறந்த தேதியை யார் எழுதி வைக்கிறார்கள்?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் அவரது ஃப்ளெக்ஸ் கடையில் கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு மாதிரி எப்போதும் தயாராக இருக்கும். நடுவில் படம். இரண்டு பக்கமும் தோற்றம், மறைவு. கீழே வருந்துவோர் பெயர்கள். நிரப்பிவிட்டால் முடிந்தது.

நாய்க்காக அதை நிரப்புவது அவருக்கு இதுதான் முதல் முறை.

"வூட்டுக்கு வந்த தேதியப் போடு பாய்," என்றாள் கூட வந்திருந்த பக்கத்து வீட்டு ராமசெல்வி. "வெள்ளத்தன்னிக்கு வந்துச்சி. ரெண்டாயிரத்திப் பதினஞ்சு, டிசம்பர் ரெண்டு."

அன்று யசோதராவின் மகன் பகலவன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தான். சட்டைக்குள் ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது. பட்டாணி என்று அவன்தான் பெயர் வைத்தான். வளர்ந்த பிறகும் அது கைப்பையில் அடங்கும் அளவுதான் இருந்தது.

மறைவு, நேற்று. அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

"போட்டோ?"

ராமசெல்வி தன் போனை நீட்டினாள். எந்தப் படத்திலும் பட்டாணி முழுதாக இல்லை. ஒன்றில் ஒரு காது. ஒன்றில் முதுகு. அவள் மகளின் நிச்சயதார்த்தப் படங்களில் நாற்காலிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வால்.

"மாப்ளையவுட இது வாலுதான் பாய் அதிகம். அன்னிக்குப் பந்தியில பூந்து வஞ்சிரத் துண்டு ஒண்ணத் தூக்கினு ஓடிச்சி. சம்பந்தி அம்மா தொரத்தினு ஓடுது. அந்தம்மா ஓடி அப்பதான் பாத்தோம்!"

யசோதராவும் சிரித்துவிட்டாள். நேற்றிலிருந்து முதல் தடவை.

"கன்டெய்னர் லாரியக் கூடத் தொரத்தும்," என்றாள். "அவன் ஒரு ஹாரன் அடிச்சான்னா நேரா வந்து கட்டிலுக்கு அடியில பூந்துக்கும்."

சௌக்கத் அலி வாசலைப் பார்த்தார். படியோரம் பாதியாக வெட்டிய பெயின்ட் டப்பா ஒன்று தண்ணீரோடு இருந்தது. தொழுகைக்குப் போகிறவர் என்பதால் அவர் நாயைத் தொடுவதில்லை. ஆனால் ஒன்பது வருடமாக அந்த டப்பா காய்ந்ததில்லை.

"குடிச்சிட்டு ஒரே ஒரு தபா கொரைக்கும்," என்றார். "சலாம் வெக்கிற மாதிரி."

இன்று காலையும் பழக்கத்தில் நிரப்பியிருந்தார். நிரப்பிய பிறகுதான் நினைவு வந்தது. கொட்ட மனம் வரவில்லை.

"முழு முகம் தெரியற மாதிரி ஒண்ணுகூட இல்லியாம்மா?"

யசோதரா ஆதார் அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையைத் திறந்து, அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தாள்.

வெள்ளம் வடிந்த அன்று அவளே எடுத்த படம். அவள் எடுத்தால் படத்தில் மனிதர்களுக்குத் தலை விழாது. இதிலும் விழவில்லை. ஒரு உள்ளங்கை. அதில் பட்டாணி, கண்ணை அகலத் திறந்துகொண்டு.

சௌக்கத் அலி அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கினார்.

"இந்தக் கைய எடுத்துடவா? ரெண்டு நிமிஷ வேலதான்."

அது பகலவனின் கை. ராமசெல்வி தரையைப் பார்த்தாள்.

பகலவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம். அம்மாவிடம் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பெண் யார் என்பதில் அவளுக்கு வருத்தமில்லை. தன்னிடம் சொல்லவில்லையே என்பதுதான். 'இனிமே என் வாயால உன் பேரச் சொல்ல மாட்டேன்' என்றாள். சொன்னபடியே இருந்தாள். அவனும் வரவில்லை.

பட்டாணிக்கு அந்தக் கோபமெல்லாம் தெரியாது. தினமும் மாலை ஆறரைக்கு, அவனுடைய கம்பெனி பஸ் வரும் நேரத்தில், தெருமுனைக்குப் போய் உட்காரும். பஸ் நிற்காமல் போகும். அவன் இப்போது விம்கோ நகரில் இறங்குகிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பட்டாணி எழுந்து வீட்டுக்கு வரும். முந்தாநாள் வரைக்கும் போய் வந்தது.

"கை இருக்கட்டும் பாய்," என்றாள் யசோதரா.

அவர் கையை விட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த பூ அலங்காரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து, விரல்கள் மறையாமல் பார்த்துக்கொண்டார்.

"வருந்துவோர்?"

"ராமசெல்வி. எதுத்த வீட்டு கிறிஸ்டினா. தெருக்காரங்கன்னு போடுங்க. உங்க பேரையும் போடுங்க. ஒம்பது வருசம் தண்ணி வெச்சீங்களே."

"அது படைச்சவன் தண்ணிம்மா," என்றார். ஆனாலும் தன் பெயரைத் தட்டினார். "உங்க பேரு. அவ்ளோதானே?"

யசோதரா மேசையில் கிடந்த பேனாவை எடுத்தாள். ஒரு துண்டுக் காகிதத்தில் நிதானமாக எழுதி அவர் பக்கம் நகர்த்தினாள்.

பகலவன். தஸ்னீம்.

வாயால் சொல்லவில்லை.

சௌக்கத் அலி இரண்டு பெயரையும் படித்தார். எல்லாருக்கும் மேலே, முதல் வரியில் சேர்த்தார்.

"ஒரு மணி நேரத்துல ரெடியாயிடும். ஒங்க தெருமொனையில கட்டறதுக்கு ஆள் அனுப்பறேன்."

"அங்க வேணாம் பாய். விம்கோ நகர் பஸ் ஸ்டாப்பாண்ட கட்டணும்."

"இன்னாக்கா நீ?" என்றாள் ராமசெல்வி. "அங்க நம்ம பட்டாணிய யாருக்குத் தெரியும்?"

யசோதரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலரை.

"ஆறரைக்குள்ள கட்டிடணும்," என்றாள்.